கேட்கப்படாத கேள்விகள்: சாலி கிளார்க் வழக்கில் நிபுணர்களைப் பணித்த விதம்

1999 நவம்பர் 9 அன்று, இங்கிலாந்தின் செஸ்டர் கிரவுன் நீதிமன்றத்தில், சாலி கிளார்க் என்ற சொலிசிட்டர் (வழக்கறிஞர்) தம் இரண்டு ஆண் குழந்தைகளையும் கொன்றதாக ஜூரியினர் பத்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் முடிவு செய்தனர். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2003 ஜனவரி 29 அன்று, மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்து அவரை விடுவித்தது. புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் ஒருவர் கணக்கில் தவறியதால் ஒரு தாய் சிறை சென்றார் என்றே இவ்வழக்கைப் பலரும் சொல்லக் கேட்டிருப்போம். அது பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. நிபுணர் சாட்சியத்தைக் கையாளும் வழக்கறிஞருக்கு மறுபாதிதான் பயன்படும். எந்தத் துறையினரிடம் எந்தக் கேள்வி வைக்கப்பட்டது, எந்தத் தாள் எவருடைய மேசைக்குப் போய்ச் சேரவில்லை, ஒரு சாட்சி தம் துறையின் எல்லையைத் தாண்டியபோது சுற்றியிருந்தவர்கள் ஏன் அதைத் தடுக்கவில்லை என்பவற்றை இந்த ஆய்வு பார்க்கிறது.

வழக்கின் போக்கு

மூத்த குழந்தை கிறிஸ்டோபர் 1996 டிசம்பர் 13 அன்று, பதினோரு வார வயதில் இறந்தான். உடற்கூறாய்வு செய்த நோய்க்கூற்று மருத்துவர் ஆலன் வில்லியம்ஸ், சுவாசப் பாதையின் கீழ்ப்பகுதியில் ஏற்பட்ட தொற்றே காரணம் என்று எழுதினார். அது இயற்கை மரணம் என்பதில் அப்போது எவருக்கும் ஐயமில்லை. இரண்டாவது குழந்தை ஹாரி 1998 ஜனவரி 26 அன்று, எட்டு வார வயதில் இறந்தான். அந்த உடலையும் ஆய்வு செய்தவர் அதே மருத்துவர்தான். இம்முறை அவர் வேறு முடிவுக்கு வந்தார். ஹாரி குலுக்கப்பட்டு இறந்திருக்கலாம் என்று முதலில் கருதினார். பிறகு கிறிஸ்டோபரின் மரணத்தையும் மீண்டும் எடுத்துப் பார்த்து, அதில் மூச்சுத் திணறடிக்கப்பட்டதற்கான அடையாளங்கள் இருப்பதாகக் கூறினார். விசாரணை தொடங்கியபோது ஹாரியைப் பற்றிய குலுக்கல் கருத்தும் கைவிடப்பட்டு, இரண்டு குழந்தைகளுமே மூச்சுத் திணறடிக்கப்பட்டனர் என்பது அரசுத் தரப்பின் வழக்காக மாறியிருந்தது.

அரசுத் தரப்பின் மற்றொரு முக்கிய சாட்சி பேராசிரியர் ராய் மெடோ. குழந்தைகள் மீதான வன்முறையைக் கண்டறிவதில் பெரும் பெயர் பெற்ற மருத்துவர் அவர். திடீர் குழந்தை மரணங்களைப் பற்றி 1993 முதல் 1996 வரை இங்கிலாந்தின் ஐந்து வட்டாரங்களில் நடந்த ஆய்வின் அறிக்கையிலிருந்து அவர் ஓர் எண்ணை நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னார். வீட்டில் யாரும் புகைபிடிக்காத, சம்பள வருமானம் உள்ள, தாயின் வயது 26-க்கு மேற்பட்ட குடும்பத்தில் தொட்டில் மரணம் (காரணம் விளங்காத திடீர் குழந்தை மரணம்) நேரும் வாய்ப்பு 8,543-இல் ஒன்று. ஆகவே அப்படியொரு குடும்பத்தில் அது இரண்டு முறை நேர்வதற்கான வாய்ப்பு, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவது, அதாவது 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று. பிரிட்டனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 இலட்சம் குழந்தைகள் பிறப்பதால் இத்தகைய நிகழ்வு நூறு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் தற்செயலாக நேரும் என்றும், கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்தில் 80-க்கு 1 என்று விலை போகும் குதிரையின் மேல் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பணம் கட்டி நான்கு முறையும் ஜெயிப்பதைப் போன்றது என்றும் அவர் விளக்கினார். (80-ஐ நான்கு முறை பெருக்கினால் 4 கோடியே 9 இலட்சத்து 60 ஆயிரம்தான் வரும். உவமைக்கும் கணக்குக்கும் இடையில் கூடப் பெரிய இடைவெளி இருந்தது.)

பெருக்கல் யாருடைய துறை?

ஒரு நிகழ்வின் வாய்ப்பை இன்னொன்றின் வாய்ப்போடு பெருக்க வேண்டுமானால், முதலாவது நடந்தது என்ற செய்தி இரண்டாவதைப் பற்றி நமக்கு எதையும் சொல்லாததாக இருக்க வேண்டும். ஒரே தாய் தந்தையருக்குப் பிறந்து, ஒரே வீட்டில் ஒரே சூழலில் வளரும் இரண்டு குழந்தைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மரபுவழிக் குறைபாடு ஏதேனும் இருந்தால், முதல் மரணமே இரண்டாவதற்கான வாய்ப்பை உயர்த்தும். இதில் வியப்பூட்டுவது, இந்த எச்சரிக்கை ஆய்வு அறிக்கையிலேயே இருந்தது என்பதுதான். பெருக்கல் கணக்கு அதில் அச்சாகியிருந்தது. குடும்பத்துக்குள் தொடரக்கூடிய காரணங்களை அது கணக்கில் கொள்ளவில்லை என்பதும், இரண்டாவது மரணம் நேர்ந்தால் கொடுமைப்படுத்தலே காரணம் என்று எப்போதும் அனுமானிப்பது தகாது என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருந்தன. அந்த அறிக்கையின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான பேராசிரியர் பெர்ரி சாட்சிக் கூண்டில் ஏறி, வெறுமனே பெருக்குவது முறையல்ல என்றும் சொன்னார். ஆனாலும் 7 கோடியே 30 இலட்சம் என்ற எண் காதில் விழுந்த பிறகு, அதற்கு எதிராக ஒரு நிதானமான மருத்துவக் குரல் எவ்வளவு தூரம் நிற்க முடியும்?

அந்த 8,543 என்ற அடிப்படை எண்ணும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. அக்குடும்பத்தின் ஆபத்தைக் குறைக்கும் இயல்புகள் மட்டுமே அதில் சேர்க்கப்பட்டிருந்தன. தொட்டில் மரணம் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கே கூடுதலாக நேர்கிறது என்பதும், இறந்த இருவரும் ஆண் குழந்தைகள் என்பதும் கணக்கில் ஏறவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குடும்பத்தில் இரண்டு தொட்டில் மரணங்கள் நேர்வது எவ்வளவு அரிது என்ற கேள்வியே பயனற்றது. ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் அடுத்தடுத்துக் கொல்வதும் மிக மிக அரிது. இரண்டு அரிய விளக்கங்களில் ஒன்று நடந்துவிட்டது என்ற நிலையில், ஒன்று எவ்வளவு அரிது என்பதை மட்டும் அளந்துவிட்டு மற்றதை அளக்காமல் விட்டால், அளந்தது பொய்யாகத் தெரிவது இயல்பே. புள்ளியியலில் ஓரளவு பயிற்சி உள்ள எவரும் முதல் நாளிலேயே சுட்டிக்காட்டியிருக்கக்கூடிய பிழை இது. விசாரணையில் எந்தத் தரப்பும் ஒரு புள்ளியியலாளரைச் சாட்சியாக அழைக்கவில்லை.

இங்கேதான் பணித்தவர்களின், அதாவது நிபுணர்களை அமர்த்திக் கேள்விகளை எழுதிக் கொடுத்த வழக்கறிஞர்களின், பொறுப்பு வருகிறது. குழந்தை மருத்துவரிடம் குழந்தை மருத்துவம் பற்றிய கேள்விகளே வைக்கப்பட வேண்டும். அவர் அறிக்கையில் ஒரு நிகழ்தகவு எண் தலைகாட்டினால், அறிக்கையைப் பெற்ற வழக்கறிஞர் அந்த இடத்திலேயே பேனாவை வைத்து, ‘இந்த எண் உங்களுடையதா, பிறர் நூலிலிருந்து எடுத்ததா? எந்த அனுமானங்களின் மேல் நிற்கிறது? அதைச் சரிபார்க்க உங்களுக்குத் தகுதி உண்டா?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். இந்த மூன்று கேள்விகளுக்கும் நேர்மையான பதில் எழுதப்பட்டிருந்தால் அந்த எண் செஸ்டர் நீதிமன்றத்தின் வாசலைத் தாண்டியிருக்காது. எதிர்த் தரப்பிலும் இதே அளவு கடமை உண்டு. எதிராளியின் நிபுணர் துறை மாறிப் பேசினால், அதற்குத் தம் மருத்துவரைக் கொண்டு பதில் சொல்ல வைப்பது போதாது. எந்தத் துறைக்குள் அவர் கால் வைத்தாரோ அந்தத் துறையிலிருந்து ஒருவரை அழைக்க வேண்டும்.

ஆபத்தை விசாரணை நீதிபதி உணர்ந்திருந்தார். புள்ளிவிவரங்களைக் கொண்டு இந்த நீதிமன்றங்களில் யாரையும் குற்றவாளியாக்குவதில்லை என்று ஜூரியினருக்கு எச்சரித்தார். 2000 அக்டோபரில் நடந்த முதல் மேல்முறையீட்டில் புள்ளியியலாளர்களின் அறிக்கைகள் முன்வைக்கப்பட்டன. மற்ற சான்றுகள் வலுவாக இருப்பதாகக் கருதிய நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதற்கு ஓராண்டுக்குப் பின், 2001 அக்டோபரில், ராயல் புள்ளியியல் கழகம் அந்தக் கணக்குக்குப் புள்ளியியல் அடிப்படை ஏதுமில்லை என்று வெளிப்படையாக அறிக்கை விட்டது. கல்விக் கழகம் ஒன்று ஒரு குற்ற வழக்கின் சாட்சியத்தைப் பற்றி இப்படிப் பேசுவது வழக்கமில்லாத செயல்.

மேசைக்கு வராத தாள்

ஆயினும் 2003-இல் தண்டனை ரத்தானதற்கு முதற்காரணம் அந்த எண் அல்ல. ஹாரியின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட மாதிரிகளில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற நுண்ணுயிரி பல இடங்களில், மூளைத் தண்டுவட நீர் உட்பட, வளர்ந்திருந்தது. அந்த ஆய்வக முடிவுகள் 1998 பிப்ரவரியிலேயே மருத்துவர் வில்லியம்ஸின் கைக்கு வந்துவிட்டன. அவர் தம் உடற்கூறாய்வு அறிக்கையில் அவற்றைக் குறிப்பிடவில்லை. மற்ற நிபுணர்களிடமும் சொல்லவில்லை. முதல் மேல்முறையீடும் தோற்ற பிறகே மருத்துவமனைக் கோப்புகளிலிருந்து அவை வெளிவந்தன. அவற்றைப் பார்த்த ஒரு நோய்க்கூற்று நிபுணர், ஹாரி கடுமையான நுண்ணுயிர்த் தொற்றினாலேயே இறந்திருக்க வாய்ப்பு மிகுதி என்றார். அரசுத் தரப்பு நிபுணர்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் அந்த விவாதம் ஜூரியினர் முன் நடந்திருக்க வேண்டிய விவாதம். அது அவர்களுக்கு மறுக்கப்பட்டது. குற்ற வழக்குகள் மறுஆய்வு ஆணையம் வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. கே நீதிபதியின் தலைமையில் அமர்ந்த அந்நீதிமன்றம் தண்டனை நிலைக்கத்தக்கதல்ல என்று கண்டது. புள்ளிவிவரம் முழுமையாக வாதிக்கப்பட்டிருந்தால் அதுவே தனியாகவும் ஒரு காரணமாக ஏற்கப்பட்டிருக்கும் என்பதையும் அந்நீதிமன்றம் சொல்லத் தவறவில்லை.

அந்த முடிவுகள் மரணத்துக்குப் பொருத்தமற்றவை என்று தாம் கருதியதாலேயே குறிப்பிடவில்லை என்பது மருத்துவர் வில்லியம்ஸின் விளக்கம். நான் இந்த விளக்கத்தை நேர்மையற்றது என்று எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அது கூடுதலாகக் கவலை தருகிறது. ஒரு நிபுணர் தாம் ஏற்ற முடிவுக்குப் பொருந்தாததைப் பொருத்தமற்றது என்று எண்ணுவது மனித இயல்பு. எது பொருத்தம் என்று முடிவு செய்யும் உரிமையை அவரிடமே முழுதாக ஒப்படைத்துவிட்டு, பிறகு அவர் எதையும் மறைக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருப்பது பணிப்பவரின் குறை. இரண்டு தரப்பிலும் பல மருத்துவர்கள் இருந்தனர். அவர்களில் ஒவ்வொருவரும் முதல் மருத்துவர் எடுத்துக் கொடுத்தவற்றின் மேல் நின்றே கருத்துச் சொன்னார்கள். மூலக் கோப்பு முழுவதும் தமக்கு வந்துவிட்டதா என்று எவரும் அழுத்திக் கேட்டதற்கான பலன் விசாரணையில் தென்படவில்லை.

ஒருவரே இரண்டு உடல்களையும் ஆய்வு செய்தது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. இரண்டாவது மரணத்தைப் பற்றிய அறிவு முதலாவதைப் பற்றிய கருத்தை மாற்றியது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் இட்டியெல் டிரோர் என்ற அறிவியலாளர், ஐந்து கைரேகை நிபுணர்களிடம் அவர்கள் பல ஆண்டுகளுக்கு முன் தாங்களே பொருந்துகின்றன என்று கூறிய ரேகைகளை, அது தெரியாதபடி, தவறாக அடையாளம் கண்டதாகப் பேர்பெற்ற ஒரு வழக்கின் ரேகைகள் என்று சொல்லிக் கொடுத்தார். நால்வர் தம் முந்தைய முடிவை மாற்றினர். ரேகை அதேதான், கூடவே சொல்லப்பட்ட கதைதான் புதிது. நிபுணருக்கு எழுதும் கடிதத்தில் நாம் சேர்க்கும் பின்னணிப் பத்தி, ‘இவர் மீது ஏற்கெனவே ஐயம் உள்ளது’ என்பது போன்ற ஒரு வரி, ஆய்வுக்கூடத்துக்குள் அவரோடு கூடவே நுழைகிறது. ஆகவே நிபுணர் முதலில் மூலப்பொருளை மட்டும் பார்த்து முடிவைப் பதிவு செய்யட்டும், பின்னணி அதன் பிறகு போகட்டும் என்ற வரிசை முறை இன்று தடயவியலில் வலியுறுத்தப்படுகிறது. எல்லா வழக்கிலும் அது இயலாது. பின்னணி இல்லாமல் மருத்துவம் சாத்தியமில்லை. ஆனால் எது எப்போது சொல்லப்பட்டது என்பதையாவது கடிதத்தில் பதிவு செய்ய முடியும்.

விதிகள் சொல்வது

நிபுணரின் கடமைகள் 1999-க்கு முன்பே தெளிவாக எழுதப்பட்டிருந்தன. ‘இக்காரியன் ரீஃபர்’ என்ற கப்பல் தொடர்பான வணிக வழக்கில் 1993-இல் கிரெஸ்வெல் நீதிபதி அவற்றைத் தொகுத்துத் தந்தார். ஒரு கேள்வி தம் துறைக்கு அப்பாற்பட்டது என்றால் நிபுணர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தம் கருத்துக்கு எதிரான உண்மைகளை விட்டுவிடக்கூடாது. தரவு போதாதெனில் கருத்து தற்காலிகமானதே என்று குறிப்பிட வேண்டும். சாலி கிளார்க் வழக்கில் நேர்ந்த இரண்டு பிழைகளும் இந்தப் பட்டியலில் ஏற்கெனவே தடுக்கப்பட்டவைதான்.

1999 ஏப்ரல் 26 அன்று நடைமுறைக்கு வந்த இங்கிலாந்தின் உரிமையியல் நடைமுறை விதிகளின் 35-ஆம் பகுதி, நிபுணரின் முதற்கடமை தமக்குக் கூலி கொடுப்பவருக்கல்ல, நீதிமன்றத்துக்கே என்று வைத்தது. பணித்தலைப் பொறுத்தவரை அதில் கவனிக்க வேண்டிய விதி 35.10. நிபுணர் தமக்கு வாய்மொழியாகவும் எழுத்திலும் தரப்பட்ட முக்கிய அறிவுறுத்தல்களின் சாரத்தை அறிக்கையில் எழுத வேண்டும். அந்த அறிவுறுத்தல்களுக்குத் தொழில்முறை இரகசியக் காப்பும் கிடையாது. அந்தச் சாரம் பிழையானது அல்லது முழுமையற்றது என்று கருத நியாயமான காரணம் இருந்தால், நீதிமன்றம் கடிதத்தையே காட்டச் சொல்லலாம். குற்ற வழக்குகளுக்கான நடைமுறை விதிகள் பின்னர்தான் வந்தன. அவற்றின் 19-ஆம் பகுதி இன்று இதே திசையில் செல்கிறது. சட்ட ஆணையம் 2011 மார்ச்சில், நம்பகமற்ற நிபுணர் சாட்சியத்தை நீதிபதி வாசலிலேயே நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சட்டம் வரவில்லை, பரிந்துரையின் சாரம் 2014-இல் நடைமுறை ஆணைகளின் வழியாக நுழைந்தது.

விதி 35.10 ஒரு வேலை செய்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் நீதிபதியும் நம் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு கடிதம் எழுத வைக்கிறது. ‘குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையைக் கொன்றார் என்பதற்கு ஆதரவான அம்சங்களைத் தெரிவிக்கவும்’ என்று எழுதிய கடிதம் அப்படிப் படிக்கப்படும்போது எழுதியவரையே குத்தும். அதன் இடத்தில், ‘இந்தக் கண்டுபிடிப்புகளை விளக்கக்கூடிய எல்லாக் காரணங்களையும் தெரிவிக்கவும், ஒவ்வொன்றுக்கும் ஆதரவாகவும் எதிராகவும் உள்ளதைப் பிரித்துச் சொல்லவும், எந்தக் காரணத்தைச் சோதிக்க மேற்கொண்டு சோதனை வேண்டும், அதைச் செய்யத் தகுதியுடையவர் யார் என்பதையும் குறிப்பிடவும்’ என்று எழுதுவது நீளமானது, மந்தமானது. ஆனால் ஒரு புள்ளியியலாளரையோ நுண்ணுயிரியலாளரையோ வழக்குக்குள் கொண்டுவரும் வாக்கியம் அதுதான்.

பணித்தல் ஒரு கடிதத்தோடு முடிவதும் இல்லை. 2011-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்த்த ‘ஜோன்ஸ் எதிர் கேனி’ வழக்கு ஒரு விபத்து இழப்பீட்டில் தொடங்கியது. வாதியின் உளவியல் நிபுணர், எதிர்த்தரப்பு நிபுணரோடு தொலைபேசியில் பேசிவிட்டு, அவர் எழுதிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார். அது வாதியின் வழக்கையே பெரிதும் குலைத்தது. தொலைபேசி உரையாடலின்போது எதிர்த்தரப்பு நிபுணரின் அறிக்கைகளைத் தாம் பார்த்திருக்கவில்லை என்றும், வரைவு தம் கருத்தைப் பிரதிபலிக்கவில்லை என்றும் அவர் பின்னர் சொன்னதாக வாதித் தரப்பு கூறியது. சாட்சியம் தரும் நிபுணருக்கு அவரை அமர்த்தியவர் தொடுக்கும் அலட்சிய வழக்கிலிருந்து இருந்த பாதுகாப்பை ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் நீக்கியது. அந்தத் தீர்ப்பை நிபுணர்களுக்கான எச்சரிக்கையாகவே எல்லோரும் படிக்கிறார்கள். கூட்டுச் சந்திப்புக்கு முன் எதிர்த்தரப்பு அறிக்கை நம் நிபுணரிடம் சேர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டியது யார் என்று கேட்டுக்கொண்டு படித்தால் அது வேறு விதமாகத் தெரியும்.

பேராசிரியர் மெடோவின் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து பொது மருத்துவ மன்றம் 2005 ஜூலையில் நீக்கியது. 2006 பிப்ரவரியில் காலின்ஸ் நீதிபதி அதை ரத்து செய்தார். அதே ஆண்டு அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சாட்சியம் அளித்ததற்காகத் தொழில்முறை ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதற்குத் தடையில்லை என்று கூறியபோதிலும், அவர் செய்தது கடுமையான தொழில்முறைத் தவறு ஆகாது என்று பெரும்பான்மையாக முடிவு செய்தது. அவர் நல்லெண்ணத்தோடு நடந்தார் என்பதில் சர்ச்சை எழவில்லை. மருத்துவர் வில்லியம்ஸும் அதே மன்றத்தின் முன் தவறிழைத்தவராகக் காணப்பட்டார். இருவரையும் அமர்த்தி, அறிக்கைகளை வாங்கி, கூண்டில் ஏற்றியவர்கள் எவரும் எந்த மன்றத்தின் முன்பும் நிறுத்தப்படவில்லை. சாலி கிளார்க் 2007 மார்ச்சில், 42-ஆம் வயதில் இறந்தார்.

இந்த வழக்கைப் படித்த பிறகு என் கடிதங்களில் நான் இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்கிறேன். ஒன்று, அறிக்கையில் வரும் எந்த எண்ணுக்கும் அதைக் கணக்கிட்டவர் யார், எந்த அனுமானத்தில் கணக்கிட்டார் என்பதை உடன் எழுதித் தருமாறு கேட்கிறது. மற்றொன்று இது: ‘இம்மாதிரிகள் மீது செய்யப்பட்ட எல்லாச் சோதனைகளின் பட்டியலையும், பொருத்தமற்றவை என்று தாங்கள் கருதியவை உட்பட, முடிவுகளோடு இணைக்கவும்.’ இரண்டாவது வரிக்கு நிபுணர்கள் சில வேளை எரிச்சலோடு பதில் தருகிறார்கள். பட்டியலும் கூடவே வருகிறது.